மிடி டேக்குகளை ஒட்டும்போது நோட்டை மட்டும் பார்க்காதீர்கள்

போன மாதம் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி லெப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஹட்டனுக்கு என்னைத் தேடி வந்தான். அவர்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் பாட்டொன்று செய்துகொண்டிருக்கிறான். "அண்ணே, துண்டு துண்டா கேட்டா எல்லாம் நல்லா இருக்கு, முழுசா ஓடவிட்டா எங்கேயோ சுருதி இழுக்குது" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறு வருடத்துக்கு முன் நான் விட்ட அதே பிழை. இந்த வருடம் மட்டும் இதே முறைப்பாட்டோடு வந்த மூன்றாவது ஆள் இவன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அடிக்கடி சேவ் செய்யுங்கள், கேபிளைச் சரி பாருங்கள் என்று எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஒரு தரம் கை சுட்டால் தானாக வந்துவிடும். கணினியில் பதிந்த வாசிப்புகளை வெட்டி ஒட்டும்போது, எத்தனை தரம் சுட்டாலும் எங்கே சுட்டது என்று தெரியாத பிழைகள் சில இருக்கின்றன, அவற்றைப் பற்றித்தான் பேச்சு.

மலையகத்தில் பாட்டுச் செய்கிறவர்கள் ஏன் மிடியை, அதாவது ஒலிக்குப் பதில் வாசிப்பைக் கட்டளைகளாகப் பதியும் முறையை, இவ்வளவு நம்புகிறோம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. லயத்துக் காம்பராவில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தால் காரணம் புரியும். மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, மைக்கைத் திறந்தால் முதலில் பதிவாவது கூரைச் சத்தம்தான். கீபோர்ட் வாசிப்பை மிடியாகப் பதிந்தால் மழை அதில் ஏறாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, பக்கத்துக் காம்பராவில் தூங்குகிறவர்களை எழுப்பாமல், அதே எட்டு பாரை (தாள அளவை) லூப்பில், அதாவது சுற்றிச் சுற்றி, ஐந்து முறை வாசிக்கலாம். ஒரு முறை வாசித்துப் பதிந்தது ஒரு டேக். பிறகு நல்ல துண்டுகளைப் பொறுக்கி ஒன்றாக்கலாம். 2021இல் வந்த ஏபிள்டன் லைவ் 11, 2023இல் வந்த ரீப்பர் 7 போன்ற பாட்டுச் செய்யும் மென்பொருள்களில் டேக்குகளை அடுக்கடுக்காக வைத்து, வேண்டியதைத் தொட்டு எடுக்கும் வசதியும் வந்துவிட்டது. வேலை சுலபமாகிவிட்டது, அதனால் பிழையும் சுலபமாகிவிட்டது.

ஒட்டிய இடத்தில் பெண்ட் தொங்குவது

இதைத்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

மிடி என்பது ஒலி இல்லை. 1983இல், வெவ்வேறு கம்பனிகளின் கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக வந்த கட்டளை மொழி அது. இந்தக் கட்டையை இவ்வளவு வேகத்தில் அழுத்து, இப்போது விடு, பெடலை மிதி, சுருதியை இவ்வளவு வளை என்று கட்டளைகள் வரிசையாகப் போகும், கணினிக்குள் வாத்தியமாக ஒலிக்கும் பிளக்இன் அதன்படி நடக்கும். நோட்டுக்கு ஆரம்பமும் முடிவும் உண்டு, திரையில் பட்டையாகக் கண்ணுக்குத் தெரியும். சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டுக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. கீபோர்டில் அதற்கென்று இருக்கும் சக்கரத்தை வளைத்தால், அடுத்த கட்டளை வந்து நடுவுக்குக் கொண்டுவரும் வரைக்கும் வளைந்தபடியே நிற்கும். அதற்குப் பிறகு அந்தச் சேனலில் வருகிற ஒவ்வொரு நோட்டும் அந்த வளைவையும் சுமந்துகொண்டுதான் ஒலிக்கும்.

இப்போது வெட்டுவதை யோசித்துப் பாருங்கள். இரண்டாவது டேக்கில், கீபோர்டில் வாசித்த நாதஸ்வரம் அழகான ஒரு கமகத்தோடு முடிகிறது. நீங்கள் நோட் பட்டை முடிகிற இடத்தில் வெட்டுகிறீர்கள். ஆனால் வாசித்தவருடைய விரல் சக்கரத்தை விட்டது அதற்குக் கொஞ்சம் பிறகு, அதாவது நடுவுக்குத் திரும்பும் கட்டளை வெட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அடுத்து மூன்றாவது டேக்கின் துண்டை ஒட்டுகிறீர்கள். அந்த டேக்கில் அந்த இடத்தில் சக்கரம் தொடப்படவே இல்லை, ஆகவே அதில் பெண்ட் பற்றி ஒரு கட்டளையும் இல்லை. முடிந்தது. மூன்றாவது துண்டு முழுக்கக் கால் சுரம் ஏறியே ஓடும், திரையில் ஒரு குறையும் தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு தோட்டத்துத் திருவிழாவுக்கு நான் செய்த பாட்டில் அப்படி எட்டு இடம். தலவாக்கலைப் பக்கத்து அக்கா ஒருவர் பாட வந்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் கொழுந்து பறிக்கிறவர், ஞாயிறு ஒன்றுதான் அவருக்கு. முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். அன்று மழை விட்டு விட்டுப் பெய்தது, விட்ட நேரத்தில் மைக்கைத் திறந்து, தூறினால் நிறுத்தி, மத்தியானம் தாண்டிவிட்டது. அவருடைய ஹெட்போனில் நான் கொடுத்தது நாதஸ்வரமும் தப்பு என்கிற பறையும் மட்டும், மற்ற வாத்தியங்களை அப்போது இன்னும் வாசிக்கவில்லை. தப்புக்குச் சுருதி கிடையாது. ஆகவே நாதஸ்வரம் எங்கே போனதோ அங்கேயே அந்த அக்காவும் போனார். காது அவ்வளவு சுத்தம், ஒவ்வொரு துண்டிலும் அது விலகிய அளவுக்கே சரியாக விலகிப் பாடியிருந்தார்.

நான் சரி பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். ஒவ்வொரு துண்டையும் அதன் தலையிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தேன், எல்லாம் சுத்தமாக இருந்தது. ஏனென்றால் நிறுத்தியதும் மென்பொருள் பெண்டையும் பெடலையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். நடுவிலிருந்து தொடங்கினால் இதற்கு முன் என்ன கட்டளை இருந்தது என்று திரும்பிப் பார்க்கிற வசதி ஒன்று இருக்கிறது, செட்டிங்ஸில் சேஸ் என்று தேடினால் வரும், என்னிடம் அது அணைந்து கிடந்தது. துண்டு துண்டாகக் கேட்டால் நல்லது, முழுதாக ஓடினால் பிழை என்று அந்தத் தம்பி சொன்னதும் எனக்கு எல்லாம் விளங்கியது இதனால்தான்.

அன்று ராத்திரி ஸ்ட்ரிங்ஸும் பேஸும் வாசித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து போட்டேன். இரண்டாவது வரியிலேயே குரலும் வாத்தியமும் பிரிந்து நின்றன. குரலை மொத்தமாகக் கொஞ்சம் இறக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். முழுப் பாட்டும் ஒரே அளவு ஏறியிருந்தால் போதும். இங்கே ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவு. வரி வரியாக வெட்டி இறக்கிப் பார்த்தேன், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு இழுத்துப் போகிற இடமெல்லாம் படி ஏறி இறங்குவது போல உடைந்தது. மூன்று ராத்திரி போனது. பிறகு அந்த அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "பரவால்ல தம்பி, அடுத்த ஞாயிறு வாறேன்" என்றார். அடுத்த ஞாயிறு விடாத மழை. அதற்கடுத்த ஞாயிறுதான் பாட முடிந்தது, அதற்குள் அந்தத் தோட்டத்தில் தேர் சுற்றி முடிந்திருந்தது. ஒரு ஞாயிறை அவரிடமிருந்து எடுத்து வீணாக்கியதைத்தான் என்னால் இன்னும் விட முடியவில்லை, பாட்டு பிந்தியதைக்கூட விட்டுவிடலாம்.

சரி, என்ன செய்ய வேண்டும். ஒட்டுகிற ஒவ்வொரு துண்டின் தலையிலும், முதல் நோட்டுக்கு ஒரு நூல் முன்னால், பெண்டை நடுவுக்குக் கொண்டுவரும் கட்டளை ஒன்றைக் கையால் வையுங்கள். பெண்டுக்கு 16384 படிகள் உண்டு, நடு 8192. சில மென்பொருள் அதையே 0 என்று காட்டும், இரண்டும் ஒன்றுதான். ஆனால் முந்தைய நோட்டின் ஒலி இன்னும் அடங்காமல் இருக்கும்போது பெண்ட் சட்டென்று நடுவுக்கு வந்தால், அந்த வால் வெட்டென்று இழுபடுவது காதில் கேட்கும். அதனால் வெட்டுவதை மூச்சு விடுகிற இடத்தில் வெட்டுங்கள். உண்மையான நாதஸ்வரக்காரரும் அங்கேதான் மூச்செடுப்பார், வெட்டும் தெரியாது. அப்புறம் ஈவண்ட் லிஸ்ட்டைத் திறந்து மேலிருந்து கீழே ஒரு தரம் வாசியுங்கள். நோட்டுகள் பட்டையாகத் தெரியும் பியானோ ரோல் திரை நோட்டைத்தான் முன்னால் காட்டும், லிஸ்ட் எல்லாக் கட்டளைகளையும் காட்டும். கடைசியில், பாடுகிறவரை அழைப்பதற்கு முன், சுருதிப்பெட்டியையோ ஒரே ஒரு ஆதார சுரத்தையோ பின்னால் ஓடவிட்டு, முதல் பாரிலிருந்து கடைசி பார் வரை நிறுத்தாமல் கேளுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, பெண்ட் எல்லை. அநேகமான பிளக்இன்களில் சக்கரத்தை முழுக்கத் தள்ளினால் மேலே இரண்டு அரைச்சுரம் போகும். நாதஸ்வரத்துக்குப் போதாதென்று நடுவில் அதைப் பன்னிரண்டு ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் இரண்டு டேக்கையும் எல்லை 2இல் வைத்தும் மூன்றாவதை 12இல் வைத்தும் வாசித்திருந்தால், ஒட்டிய பிறகு ஒரு பக்கத்துக் கமகம் ஆறு மடங்கு தாவும், அல்லது ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிப்போகும். எல்லையை முதலிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள்.

பெடலுக்கும் இதே வருத்தம்

விரலை எடுத்தாலும் சுரத்தை நீடித்து ஒலிக்கவைக்கும் சஸ்டெய்ன் பெடல், மிடியில் 64ஆம் இலக்கக் கட்டுப்பாடு. பெறுமதி 64இலிருந்து 127 வரை மிதித்தது, 63உம் அதற்குக் கீழும் விட்டது. மிதித்த பிறகு, விடுவதற்கு முன் வெட்டினால் அடுத்த துண்டு முழுக்கக் கஞ்சியாகக் குழம்பும். இடது கையைத் தனியாகவும் வலது கையைத் தனியாகவும் பெடலோடு வாசித்து ஒரே கிளிப்பில் சேர்ப்பவர்கள் இன்னும் மோசமாக மாட்டுவார்கள், ஒன்று மிதிக்க மற்றது விடும். ஒரு கையின் பெடலை முழுதாக அழித்துவிட்டுச் சேருங்கள்.

ஒட்டியதும் பழைய டேக்கை அழிப்பது

அழிக்காதீர்கள். மிடி சில கிலோபைட்தான். ட்ரெக்கை அப்படியே பிரதி எடுத்து, மியூட் போட்டு, கீழே தள்ளி வைத்துவிட்டு, பிறகு துண்டுகளைக் குளூ செய்யுங்கள், அதாவது ஒரே துண்டாக்குங்கள்.

டேக்கைத் தெரிவு செய்ய முன் குவான்டைஸ்

குவான்டைஸ் என்றால் நோட்டுகளைத் தாளக் கட்டத்துக்கு நேராக இழுத்து வைப்பது. அதைத் தெரிவு செய்த பிறகு செய்யுங்கள்.

ஒரே நோட் இரண்டு முறை

லூப்பில் பதியும்போது புது வாசிப்பு பழையதன் மேலேயே விழும் முறை ஒன்று உண்டு, க்யூபேஸ் மென்பொருளில் அதற்குப் பெயர் மிக்ஸ். அதை ஸ்டாக்ட் என்று மாற்றினால் ஒவ்வொரு சுற்றும் தனி அடுக்காக வரும். மாற்றாமல் விட்டால் ஒரே சுரம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும், திரையில் ஒரு பட்டைதான் தெரியும். காதில் அது மூக்கால் பேசுவது போன்ற மெல்லிய ஒலியாகக் கேட்கும். அல்லது முதல் நோட்டின் முடிவு இரண்டாவதையும் சேர்த்து அணைத்துவிடும், நீண்ட சுரம் பாதியில் செத்துப்போகும். பெரும்பாலான மென்பொருளில் இரட்டை நோட்டுகளை அழிக்கும் கட்டளை இருக்கிறது, அதை ஓடவிட்டுத் தூரப் போகாமல் ஒரு தரம் கேளுங்கள், வேண்டுமென்றே வைத்த நோட்டையும் அது சில நேரம் எடுத்துவிடும்.

நடுவில் பஃபரை மாற்றுவது

பஃபர் என்பது ஒலியை வெளியே அனுப்புமுன் லெப்டொப் சேர்த்துவைக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை. முதல் டேக் பஃபர் 128இல், பிறகு லெப்டொப் திக்குகிறதென்று 1024க்கு ஏற்றி நான்காவது டேக். 44100 மாதிரி வேகத்தில் முன்னது ஏறத்தாழ 3 மில்லி செக்கன், பின்னது 23. ஒலி பிந்திக் கேட்பதால் வாசிக்கிறவர் தன்னை அறியாமல் முந்தி வாசிப்பார். இரண்டையும் மாற்றி மாற்றி ஒட்டினால் நடை தடுக்கும். நான்காவதை மொத்தமாகக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி, தப்போடு சேர்த்துக் கேட்டு இடத்தைப் பிடியுங்கள்.

தப்புக்கு மூன்றாவது கை

காமன் கூத்துக்குத் தப்படிக்கிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். ஒரு கையில் ஒல்லியான நீளக் குச்சி, மற்றதில் தடித்த குட்டைக் குச்சி, இரண்டே கை. விரலால் தட்டி வாசிக்கும் பேடில் மூன்று டேக் வாசித்து எல்லாவற்றிலும் நன்றாக இருந்ததை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால், எந்த மனிதனாலும் அடிக்க முடியாத அடி வரும். கேட்கிறவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் எங்கள் ஊர்ச் சனத்துக்கு உடனே பொய் என்று பட்டுவிடும், பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். இரண்டு பேர் அடிப்பதாக வைக்க வேண்டுமென்றால் இரண்டு ட்ரெக் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரே ஆள் அடிப்பது போல முழுதாக வாசியுங்கள். அடியின் வேகத்தைக் குறிக்கும் வெலோசிட்டியையும் பாருங்கள், முதல் டேக்கில் 110ஐத் தொட்ட கை ஐந்தாவது டேக்கில் களைத்து 80இல் நிற்கும், ஒட்டிய இடத்தில் தப்பு ஒரு அடி பின்னால் போய் நின்றுகொண்டது போல இருக்கும்.

டிக்கோயாத் தம்பியின் பாட்டில் பெண்ட் நான்கு இடத்தில் தொங்கியது, இருபது நிமிடத்தில் சரி செய்துவிட்டோம். தப்பு ட்ரெக்கில் அவன் அடுக்கியிருந்ததைக் கலைத்து, மூன்றாவது டேக்கை முழுதாக வைத்துக்கொண்டு, மற்ற டேக்கிலிருந்து ஒரே ஒரு உருட்டலை மட்டும் எடுத்தான். பிறகு சுருதியை ஓடவிட்டு முதலிலிருந்து கடைசி வரை இரண்டு பேரும் பேசாமல் கேட்டோம். பாட யாரையாவது அழைத்துவிட்டாயா என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். "இல்லண்ணே, இனிமேத்தான் கேக்கணும்" என்றான்.