ஹம்மிங்பேர்ட் வர என்ன பூ வைத்தேன்

அமெரிக்காவில் வட கரோலினாவில் குடியேறிய முதல் வருஷம், ஹம்மிங்பேர்ட் (அந்தரத்தில் நின்றபடி பூவில் தேன் குடிக்கும் குட்டிப் பறவை) வரட்டும் என்று ரோஜா, அடுக்குப் பெட்டூனியா எல்லாம் சிவப்பாகவே பார்த்து வாங்கி வைத்தேன். ஒன்றுகூட வரவில்லை. அப்புறம்தான் புரிந்தது, நிறம் மட்டும் போதாது. இதழ் அடுக்கடுக்காக இருந்தால் தேன் குறைவு, அலகு உள்ளே போகவும் வழியில்லை. நீளமான குழல் மாதிரிப் பூ வேண்டும்.

மறு வருஷம் வேலியில் கோரல் ஹனிசக்கிள் என்ற குழல் பூக் கொடியை ஏற்றினேன் (ஜப்பான் ஹனிசக்கிள் வேண்டவே வேண்டாம், மற்ற செடிகளை மூடிக் கொன்றுவிடும்). கோரல் ஹனிசக்கிள் வசந்தத்தில் பூக்கும், கோடைக்கு பீ பாம் செடி, ஆகஸ்ட் செப்டம்பருக்கு சிவப்பான கார்டினல் பூ என்று இடைவெளி விழாமல் பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் சுமார் 3 கிராம் எடையுள்ள அந்தப் பறவை தெற்கே கிளம்பும் முன் உடம்பில் கொழுப்பு சேர்க்கிற காலம் அது. கார்டினல் பூவுக்கு மண் காயக்கூடாது, அதனால் குழாயடியில் வைத்தேன். பூச்சிமருந்தையும் நிறுத்தினேன், குஞ்சுகளுக்குச் சின்னப் பூச்சியும் சிலந்தியும் வேண்டும்.

அந்த ஆகஸ்டில் ஒரு நாள் காலை தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன், இரண்டு முழ தூரத்தில் ஓர் ஆண் பறவை அந்தரத்தில் நின்றபடி கார்டினல் பூவின் குழலுக்குள் அலகை விட்டது. வெயில் பட்டுத் திரும்பியபோது கழுத்து தணல் மாதிரி சிவந்தது, நெற்றியில் மகரந்தம்.