ஊசி திருவனந்தபுரத்தில், கணக்கு வீட்டில்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிற என் வீட்டுக்காரருக்கு உள்ளங்காலில் ஒரு கறுப்புத் திட்டு. முள் குத்திய தழும்பு என்று ஒரு வருஷம் விட்டுவிட்டோம். மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் என்று தெரிந்தபோது தொடையிடுக்குக்கும் நுரையீரலுக்கும் போயிருந்தது.

முதலில் கட்டியில் பிராஃப் என்கிற மரபணுவைச் சோதனை செய்வார்கள். அதில் மாற்றம் இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெடினிப் மாத்திரைகளும் ஒரு வழி. இவருக்கு இல்லை. அதனால் பெம்ப்ரோலிசுமாப், 200 மி.கி., மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேர டிரிப்ஸ். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் குழித்துறையில் ரயில் ஏறுவோம். ஆஸ்பத்திரியில் சான்று வாங்கினால் கேன்சர் நோயாளிக்குக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்குப் போகிறவருக்கும் உண்டு.

இது கீமோ இல்லை, இம்யூனோதெரபி. உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு இருக்கிற பிரேக்கை எடுத்துவிடுகிற மருந்து. பிரேக் போனால் அது குடல், ஈரல், தைராய்டு என்று நம் உறுப்புகள் மேலேயே பாயலாம். அது நடப்பது பெரும்பாலும் வீட்டில் இருக்கும்போதுதான்.

ஆகவே முதல் ஊசிக்கு முன்பே ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் வழக்கமானதை எழுதுங்கள்: எடை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளிக்குப் போவார், எவ்வளவு தூரம் நடந்தால் மூச்சு வாங்கும். இவருக்கு ஒரு தடவை. எட்டாவது ஊசிக்குப் பிறகு ஐந்தானது. "நேத்து மரச்சீனியும் சாளைக் குழம்பும் தின்னேன்லா, அதான்" என்றார். பக்கத்து கிளினிக்கில் பேதியை நிறுத்த மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு நாள் அதிலேயே போச்சு. அப்புறம் நோட்டை வைத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு போன் போட்டேன். "வழக்கத்தைவிட நாலு தடவை கூடினால் காத்திருக்கவே கூடாதம்மா" என்றார் டாக்டர். குடல் அழற்சி. அடுத்த ஊசியைத் தள்ளிவைத்து ஸ்டீராய்டு தொடங்கினார்கள், ஆறு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். சுகமாகிவிட்டது என்று அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரையும் ஏறும், பாருங்கள்.

வறட்டு இருமல், மூச்சுத் திணறல், கண்ணில் மஞ்சள் கண்டால் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

சோர்வை வயசு என்று நினைத்தோம். டி.எஸ்.எச். என்கிற தைராய்டு ரத்தச் சோதனை பார்த்தால் தைராய்டு மந்தம். இனி தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி கழித்துத்தான் கட்டன்சாயா. காலையில் வீட்டில் சண்டையே அதற்குத்தான்.

வர்ம வைத்தியர் இல்லாத ஊர் நம் மாவட்டத்தில் ஏது? கஷாயம் குடித்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ரத்தச் சோதனையில் ஈரல் கணக்கு ஏறினால் காரணம் கஷாயமா ஊசியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பல் டாக்டரிடம் போனாலும் 'இம்யூனோதெரபி எடுத்தவர்' என்ற அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும்.

இரண்டு வருஷம் முடிந்து ஊசி நின்று ஐந்து மாதமாகிறது. நின்ற பிறகும் பல மாதம் கழித்துப் பக்கவிளைவு வரலாம் என்பதால் நோட்டு ஓடுகிறது. நேற்றைய பக்கம்: ஒரு தடவை, 58 கிலோ, 40 மரத்தில் பால் வெட்டினார்.