ஸமாவை இசை என்று பெயர்க்காதீர்கள்

இடைக்கால அரபு நூல்களைத் தமிழ் வழியாகப் படிக்கும் சிறு குழு ஒன்றில் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறேன். இசையும் இறையனுபவமும் பற்றிய பகுதிக்கு வந்தவுடன், புதியவர்கள் நான் முன்பு செய்த பிழைகளையே ஏறத்தாழ அதே வரிசையில் செய்கிறார்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டல், ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு போன்றவை பழகப் பழகத் தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஸமா என்பது கேட்டல்

ஸமா என்ற அரபுச் சொல்லின் நேர்ப்பொருள் கேட்டல். பாட்டுக்கு கினா என்ற சொல் தனியாக உண்டு. கிரேக்கத்திலிருந்து வந்த மூசிகா என்பது சுரங்களையும் இடைவெளிகளையும் தாளத்தையும் கணக்கிட்டு ஆராயும் கலையின் பெயர். ஸமா கேட்பவரின் நெஞ்சில் நிகழ்வது. இம்மூன்றையும் ‘இசை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்தால், நூலாசிரியர் எதைப் பற்றி வாதிடுகிறாரோ அதுவே கைநழுவிப் போகும்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலியின் (1058–1111) ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் 40 பகுதிகளில் 18ஆவது, ஸமாவின் ஒழுக்கங்களையும் அதில் நெஞ்சு கண்டடையும் வஜ்து என்ற பரவச நிலையையும் பேசுகிறது. அதன் சில பக்கங்களைத் தமிழாக்கிச் சிறு நூலாக அச்சிட்டபோது, ஸமா வந்த இடமெல்லாம் ‘இசை’ என்றே எழுதினேன். பிரதியைப் படித்த முதிய ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவர், வெள்ளரிக்காய் பற்றிய பத்தியில் விரலை வைத்து, “தம்பி, இதில் இசை எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்.

அது பக்தாதின் சூஃபி ஞானி ஷிப்லீயைப் (இறப்பு 946) பற்றிய கதை. தெருவில் ஒருவன் “கியார், காசுக்குப் பத்து” என்று கூவி விற்கிறான். கியார் என்றால் வெள்ளரிக்காய்; நல்லவர்கள் என்றும் பொருள்படும். ஷிப்லீ அதைக் கேட்டதும் தன்னிலை இழந்து, நல்லவர்களே காசுக்குப் பத்து என்றால் தீயவர்களுக்கு என்ன விலை என்று கதறுகிறார். இந்தக் கதையில் பாடகரோ கருவியோ பண்ணோ இல்லை. காய் விற்பவனின் கூவலும், அதை வேறொன்றாக வாங்கிக்கொண்ட ஒரு செவியும்தான் உள்ளன. கஸ்ஸாலி சொல்ல வருவதும் இதுவே: கேட்பவர் தம் நிலைக்கு ஏற்பப் பொருள் கொள்கிறார், பாடியவர் நினைத்த பொருள் அவரைக் கட்டுப்படுத்துவதில்லை. என் மொழிபெயர்ப்பில் அந்தப் பத்தி தலைகால் புரியாமல் கிடந்தது. விற்காத பிரதிகளை ஒதுக்கிவிட்டு, என் செலவிலேயே திரும்ப அச்சடித்தேன்.

அதே பகுதியில் குர்ஆனைக் கேட்டு மயங்கியவர்களும் அழுதவர்களும் வருகிறார்கள். தொழுகை நடத்திக்கொண்டிருந்த ஸுராரா இப்னு அவ்ஃபா, எக்காளம் ஊதப்படும் நாளைச் சொல்லும் வசனத்தை ஓதியதும் உயிர்துறந்த செய்தியும் அங்கேதான் உள்ளது. அதன் பிறகுதான், குர்ஆன் இருக்கும்போது சூஃபிகள் ஏன் பாடகரைச் சுற்றிக் கூடுகிறார்கள் என்ற கேள்வியை கஸ்ஸாலியே எழுப்பி, அதற்கு ஏழு காரணங்கள் கூறுகிறார். எல்லா வசனமும் கேட்பவரின் அப்போதைய மனநிலைக்குப் பொருந்தி வராது என்பது அவற்றில் ஒன்று. பலமுறை கேட்டுப் பழகியது புதிதாகக் கேட்பதுபோல் உலுக்காது என்பது இன்னொன்று. ஸமா என்பதற்கு இசை என்று எழுதியவருக்கு இந்தக் கேள்வியே முளைக்காது.

சென்ற மாதம் ஒரு மாணவரின் வரைவில் ‘குர்ஆன் இசை’ என்ற தொடரைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் பைத் என்ற புகழ்ப்பாடலைப் பாடுவார்கள், குர்ஆனை ஓதுவார்கள். ஒரு குழந்தைகூட இரண்டையும் மாற்றிச் சொல்லாது. இவ்வளவு துல்லியமான வேறுபாட்டை நாள்தோறும் பேசும் மொழியில் எழுதும்போது, அதைக் கைவிட என்ன தேவை?

கருவிகள் பற்றிய தீர்ப்பை ஒரே வரியில் சுருக்குதல்

‘கஸ்ஸாலி இசையை அனுமதித்தார்’ என்பது பாதி உண்மை. தஃப் என்ற கைப்பறையையும் பொதுவாக மேளத்தையும் அவர் அனுமதித்தார். நரம்புக் கருவிகளையும் மிஸ்மார் என்ற குழலையும் விலக்கினார். அவை இன்பம் தருவதால் விலக்கவில்லை. இன்பம்தான் குற்றமென்றால் பறவையின் குரலும் விலக்கப்பட வேண்டியிருக்கும் என்கிறார். அவருடைய காலத்தில் அவை மது அருந்துவோரின் அடையாளமாக இருந்தன என்பதே காரணம். தீர்ப்பை எழுதினால் காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

அண்ணனையும் தம்பியையும் குழப்புதல்

அஹ்மத் கஸ்ஸாலி (இறப்பு 1126) இமாம் கஸ்ஸாலியின் தம்பி. அவர் வேறு ஆள்.

ஃபாராபியைச் சூஃபிகளோடு சேர்த்தல்

ஃபாராபி தத்துவ அறிஞர். அவர் ஆராய்ந்தது மூசிகா, ஸமா அல்ல.

எதிர்த்தவர்களுக்குச் செவியில்லை என்று எண்ணுதல்

திமிஷ்கின் (டமாஸ்கஸ்) மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா (1263–1328) ஸமாவை மறுத்தார் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர் ஸமாவை இரண்டாகப் பிரித்தார். நபித்தோழர்களின் ஸமா, குர்ஆனைக் கேட்டல். அதில் நெஞ்சு நடுங்குவதையும் கண்ணீர் பெருகுவதையும் அவர் போற்றினார். சீழ்க்கையும் கைதட்டலும் கொண்ட பிற்காலத்து ஸமா வழிபாடாக மாறியதையே அவர் எதிர்த்தார். அதாவது, கேட்டல் மனிதரை மாற்றும் என்பதில் அவருக்கும் கஸ்ஸாலிக்கும் பிணக்கில்லை. எதைக் கேட்பது என்பதில்தான் பிணக்கு. ஸமாவை இசை என்று எழுதியவருக்கு இந்த ஒற்றுமை புலப்படாது.

பரவசத்தை உடலசைவால் அளத்தல்

ஆடியவர், ஆடை கிழித்தவர் கதைகளையே தேடிப் பிடித்து எழுதுகிறார்கள். பக்தாதின் சூஃபி ஞானி ஜுனைத் (இறப்பு 910) தொடக்கக் காலத்தில் ஸமாவின்போது அசைந்தவர். பின்னாளில் அசையாமல் அமர்ந்திருந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரு வசனத்தை மட்டும் ஓதினார்: மலைகளைப் பார்த்து அவை உறுதியாக நிற்கின்றன என்று எண்ணுவாய், அவையோ மேகங்களைப் போல் நகர்ந்துகொண்டிருக்கும்.