பரங்கிமலை மாதா கோயிலை ஆயில் பெயிண்டில் வரையலாம் வாங்க

சென்னை பரங்கிமலை உச்சியில் உள்ள மாதா கோயில் 1523-இல் போர்த்துகீசியர் கட்டியது. மலை சுமார் 300 அடிதான். ஆனால் படிக்கட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் அந்த வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசவைக்கும். அந்த வெள்ளையைக் கொண்டுவருவதுதான் இந்தப் படத்தின் பெரிய வேலை.

டைட்டானியம் ஒயிட், அல்ட்ராமரைன் ப்ளூ, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), லெமன் யெல்லோ. இந்த ஐந்து ட்யூப் போதும். கான்வாஸ் 12க்கு 16 அங்குலம், நிற்கும் வாக்கில்.

முதல் நாள்: பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, துணியால் கான்வாஸ் முழுக்கத் தேய்த்துவிடுங்கள். வெள்ளைக் கான்வாஸில் வெள்ளைச் சுவர் எடுபடாது. எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்து உலர்த்துங்கள்.

இரண்டாம் நாள்: மெல்லிய பிரஷால் கோடு போடுங்கள். கோயில், படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். பெரிதாக வரைந்தால் மலை காணாமல் போய்விடும். கீழிருந்து பார்ப்பதால், நம்மைவிட்டு விலகிப் போகும் கூரை விளிம்பு கீழ்நோக்கிச் சரியும்.

அப்புறம் நிழல். ட்யூப் கறுப்பைத் தொடவே வேண்டாம், சுவர் அழுக்காகத் தெரியும். அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் அருமையான சாம்பல் கிடைக்கும். அதில் வெள்ளை சேர்த்து, நீலம் சற்றுத் தூக்கலாக வையுங்கள். வெயில் படும் சுவருக்கு வெள்ளையோடு துளி ஓக்கர். தனி வெள்ளையை ஒரே ஓர் இடத்துக்கு மிச்சம் வையுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எது மிகப் பிரகாசம் என்று தெரியும், அங்கே மட்டும்.

சுவரை ஒட்டிய வானம் சுவரைவிட அடர்த்தியாக இருக்க வேண்டும். நம் ஊர் மத்தியான வானம் வெளிறித்தான் இருக்கும். பரவாயில்லை, கொஞ்சம் நீலத்தைக் கூட்டுங்கள். மரங்களுக்கு லெமன் யெல்லோவும் அல்ட்ராமரைனும், கூடவே துளி சியன்னா. படிகளை எண்ணி எண்ணி வரைய வேண்டாம். கீழே நாலைந்து படி தெளிவாக, மேலே போகப் போகக் கரையட்டும்.

மேல் பூச்சுகளில் டர்பன்டைனைக் குறைத்து, ஆளிவிதை எண்ணெயைக் கூட்டுங்கள். மாற்றிச் செய்தால் பின்னால் வெடிப்பு விழும்.

உச்சிச் சிலுவைக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். ஈர வானத்தின்மேல் போட்டால் கலங்கிவிடும். வானம் நன்றாகக் காயட்டும், ஒரு வாரமோ பத்து நாளோ ஆகலாம். பிறகு மெல்லிய பிரஷால் இரண்டே கோடு.