மின்குறை தீர்ப்பாளரிடம் போகும் முன்: மலையில் இருப்பவர்கள் தவறவிடும் இடங்கள்

மலையில் கரண்ட் போனால் நாம் முதலில் வயர்மேனுக்குத்தான் போன் போடுவோம். அவர் எந்த ஊர், யார் மகன் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஆடிக் காற்றில் கற்பூர மரம் கம்பி மேல் சாய்ந்தால், அந்த மழையிலும் டார்ச்சோடு வந்து நிற்பவர் அவர். 2019 ஆகஸ்டில் நம் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வாரத்தை மறக்க முடியுமா? மலைக்கு வெளிச்சம் திரும்பியது இப்படிப்பட்டவர்களின் உழைப்பால்தான். இந்த உறவை யாரும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் பில் தகராறு, மீட்டர் கோளாறு, புது இணைப்பு இழுத்தடிப்பு என்று வரும்போதும் அதே பழக்கத்தில் வாய்வார்த்தையோடு நின்றுவிடுகிறோம். "சொல்லியிருக்கோம், பார்க்கிறேன்னு சொன்னார்" என்று மாதங்கள் ஓடிவிடும். கடைசியில் மின்குறை தீர்ப்பாளர் என்று ஒருவர் சென்னையில் இருப்பதாக யாரோ சொல்ல, அங்கே எழுதும்போது கையில் ஒரு தாள்கூட இருக்காது. அக்கம்பக்கத்தவருக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நியாயம் முழுக்கத் தங்கள் பக்கம் இருந்தும், தாளும் தேதியும் இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைத் தடுக்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் படிகளைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரச் சட்டம் 2003இன் 42ஆம் பிரிவு நுகர்வோருக்கு இரண்டு படிகள் வைத்திருக்கிறது. ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் ஒன்று உண்டு. நீலகிரிக்கு அது ஊட்டியில். கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டம் என்பதால் அவர்கள் கீழே திண்டுக்கல் வட்டத்தைப் பார்க்க வேண்டும். மன்றத்தின் முடிவில் திருப்தி இல்லை என்றால், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளர். அவரை நியமிப்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம், மின்வாரியம் அல்ல. இவரிடம் போக வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. நடந்ததைத் தேதிவாரியாக எழுதத் தெரிந்தால் போதும்.

மனு போன இடம் வேறு, போக வேண்டிய இடம் வேறு

நிறைய பேர் செய்யும் தவறு இதுதான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு, 1100 எண்ணில் முதல்வரின் முகவரி துறைக்கு ஒரு புகார், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987இல் இன்னொன்று என்று எல்லா இடத்திலும் கொடுத்திருப்பார்கள். இவை வீண் என்று சொல்லவில்லை. கம்பி அறுந்து கிடக்கிறது, டிரான்ஸ்பார்மர் புகைகிறது என்றால் மின்னகம்தான் வழி. ஆனால் பில் தகராறில் இந்த மனுக்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி அதே மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குத்தான் வந்து சேரும். அங்கிருந்து போகும் பதில், "விதிப்படியே கணக்கிடப்பட்டது" என்ற ஒரு வரியாக இருக்கும்.

இன்னொரு குழப்பம் இதைவிட நுட்பமானது. மேற்பார்வை பொறியாளர் மாதாமாதம் கோட்ட அலுவலகங்களில் மின் நுகர்வோர் குறைதீர் கூட்டம் நடத்துவார். பேப்பரில் அறிவிப்பு வரும். பெயர் ஒன்று போலவே இருப்பதால் அந்தக் கூட்டத்தில் மனு கொடுத்தவர்கள், மன்றத்தில் கொடுத்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். மன்றத்துக்குத் தலைவரும் மேற்பார்வை பொறியாளரே என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. கூட்டம் என்பது நேரில் பேசித் தீர்க்கும் இடம். மன்றம் என்பது மனுவுக்கு எண் போட்டு, இரு தரப்பையும் கேட்டு, எழுத்தில் ஆணை தரும் இடம். தீர்ப்பாளர் கேட்பது அந்த ஆணையைத்தான். எனவே மனுவின் தலைப்பிலேயே "மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தின் தலைவர் அவர்களுக்கு" என்று எழுதுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். மஞ்சூரிலிருந்தோ பந்தலூரிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஊட்டிக்கு வர முடியாது என்றால், ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் போதும்.

தெருவிளக்கு எரியவில்லை என்று மன்றத்துக்கு எழுதுகிறவர்களும் உண்டு. தெருவிளக்கு ஊராட்சி அல்லது நகராட்சியின் பொறுப்பு. உள்ளாட்சி அமைப்பில் முறைகேடு என்றால் அதற்கென்று 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி முறைமன்ற நடுவம் தனியாக இருக்கிறது. யாராவது லஞ்சம் கேட்டால் அது லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் லோக் ஆயுக்தாவுக்கும் போக வேண்டிய விஷயம். மின்குறை தீர்ப்பாளர் இதையெல்லாம் கையில் எடுக்க மாட்டார்.

ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் கவனிக்க

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் எங்கும் வீட்டின் ஒரு பகுதியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறோம். வருமானம் நல்லதுதான். ஆனால் மின் இணைப்பு வீட்டு உபயோகக் கட்டணத்திலேயே இருக்கும். சோதனைக்கு வருகிறவர்கள் இதைக் கண்டால், சட்டத்தின் 126ஆம் பிரிவின் கீழ் அங்கீகாரமில்லாத மின் பயன்பாடு என்று கணக்குப் போடலாம். எப்போதிலிருந்து இப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்குக் கணக்கு வரும். கட்டணமும் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு. கையில் ஒரு பெரிய தொகையோடு தாள் வந்து விழும்.

அந்த அதிர்ச்சியில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். மன்றத்துக்குப் போ, தீர்ப்பாளருக்கு எழுது என்பார்கள். 126ஆம் பிரிவு வழக்குகளை அவர்கள் எடுக்க முடியாது. 135 முதல் 139 வரையிலான பிரிவுகளில் வரும் மின் திருட்டு, சேதம் தொடர்பான வழக்குகளும் அப்படித்தான். நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியாது. 126ஆம் பிரிவுக் கணக்கீட்டை எதிர்த்த புகாரை அது விசாரிக்க முடியாது என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதற்கென்று இருக்கும் வழி 127ஆம் பிரிவு மேல்முறையீடு மட்டும். இறுதி ஆணை வந்த 30 நாளுக்குள், கணக்கிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். தவறான கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும்போதே அந்த 30 நாள் ஓடிவிடும். இதுதான் என்னை மிகவும் வருத்தும் விஷயம்.

அதற்கும் முன்னால் ஒரு கண்ணி இருக்கிறது. முதலில் வருவது தற்காலிகக் கணக்கீடுதான். அதற்கு ஆட்சேபம் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. நேரில் விளக்கம் சொல்லவும் உரிமை உண்டு. "ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுங்க, பிரச்சினை முடிஞ்சிடும்" என்று யாராவது சொன்னால், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சம்மதத்தோடு போடப்பட்ட ஆணைக்கு மேல்முறையீடு கிடையாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. உண்மையிலேயே பயணிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தால் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் சரி. சித்தப்பா குடும்பம் கீழேயிருந்து வந்து பத்து நாள் தங்கியதைத் தவறாக எடுத்துக்கொண்டிருந்தால், அதை ஆட்சேபத்தில் எழுதுங்கள்.

பூட்டிக் கிடந்த வீடு

மழைக்காலத்தில் வயதானவர்களைக் கோயம்புத்தூரில் பிள்ளைகள் வீட்டில் கொண்டுபோய் விடுவோம். இங்கே வீடு பூட்டியிருக்கும். ரீடிங் எடுக்க வருகிறவர் கதவு பூட்டு என்று குறித்துவிட்டுப் போவார், பில் சராசரியில் வரும். பிறகு ஒரு நாள் மீட்டரைப் பார்த்து எல்லா யூனிட்டையும் ஒரே பில்லில் ஏற்றினால் தொகை எகிறும். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், ஒவ்வொன்றிலும் முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். மூன்று பில்லின் யூனிட்டை ஒன்றில் கொட்டினால் 300 யூனிட் இலவசத்துக்குப் பதில் 100தான் கிடைக்கும், மீதி யூனிட்டும் மேல் அடுக்கு விலைக்குப் போய்விடும். மனுவில் "பில் அதிகம்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எந்தெந்தப் பில் சுற்றில் வீடு பூட்டியிருந்தது, எத்தனை யூனிட்டை எத்தனை சுற்றுக்குப் பிரிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கோரிக்கை அந்தக் கணக்காகவே இருக்கட்டும்.

மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால் அதைக் கழற்ற விடும் முன் போட்டோ எடுங்கள். எண்களும் சீலும் தெரிய வேண்டும். பழைய மீட்டர் போய்விட்டால் ஆதாரமும் அதோடு போய்விடும். 2024இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ரீடிங் உண்மையான பயன்பாட்டோடு பொருந்தவில்லை என்று புகார் கொடுத்தால், 5 நாளுக்குள் இன்னொரு மீட்டரைக் கூடவே பொருத்தி, குறைந்தது 3 மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதை விதியின் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

புது இணைப்புக்கும் அதே திருத்தத்தில் நாள் குறைத்தார்கள். மலைப்பாங்கான கிராமங்களுக்கு மட்டும் பழைய 30 நாளே நீடிக்கிறது. அதனால் கீழே இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு எத்தனை நாளில் கரண்ட் வந்தது என்பதை வைத்து வாதாடாதீர்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்தில் 1969ஆம் ஆண்டு ஜன்மம் (பழைய பரம்பரை நில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும், உரிமை இன்னும் தீராத நிலங்களில் குடியிருப்பவர்களின் இணைப்புப் பிரச்சினை வேறு. பைக்காராவில் 1932இலேயே மின்சாரம் எடுத்த மலை இது. அந்த மலையிலேயே பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் படிப்பது மனதைப் பிசைகிறது. ஆனால் நிலம் யாருடையது என்பதைத் தீர்ப்பாளர் முடிவு செய்ய முடியாது. அந்தப் போராட்டம் வருவாய்த் துறையோடும் நீதிமன்றத்திலும்தான்.

பணம் கட்டாமல் நிற்பது

"வழக்கு முடியட்டும், அப்புறம் கட்டுறேன்" என்பது ஆபத்து. 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்க 56ஆம் பிரிவு இடம் தருகிறது. அதே பிரிவிலேயே நமக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரி, இதில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால், தகராறு முடியும்வரை துண்டிக்கக் கூடாது. "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று கடிதம் கொடுத்து நகல் வைத்துக்கொள்வதை மட்டும் மறக்காதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய பாக்கியைக் கேட்க முடியாது என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். 56ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவில் அப்படி ஒரு வரம்பு இருப்பது உண்மை. ஆனால் அந்த இரண்டு வருடம் பில் முதலில் போடப்பட்ட பிறகுதான் ஓடத் தொடங்கும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே தவறாக விட்டுப்போன தொகைக்கு இப்போது புதிதாகப் பில் வந்தால், அந்த ஒரு வாதத்தை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். கணக்கே தவறா என்று பாருங்கள்.

தீர்ப்பாளரிடம் போகும்போது

மன்றத்தின் ஆணை கைக்கு வந்ததிலிருந்து 30 நாள். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தபால் முத்திரைதான் அந்தத் தேதிக்குச் சாட்சி. இணைப்பு தாத்தா பெயரிலேயே இருக்கிறது என்றால், முதலில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் கொடுங்கள். நம் தோட்டப் பகுதிகளில் மூன்று தலைமுறையாகப் பெயர் மாறாத கார்டுகள் ஏராளம், விசாரணையில் முதல் தடங்கலே அங்கேதான் வரும். அதே விஷயத்தில் நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ வழக்கு இருந்தால் தீர்ப்பாளர் எடுக்க மாட்டார். ஒரு பாதையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம், சீசனில் அறை ஓடாத நஷ்டத்துக்குப் பத்து லட்சம் என்று கேட்டு மனுவைக் கனமாக்காதீர்கள். மறைமுக நஷ்டம், இழந்த லாபம் இவற்றுக்கு ஈடு தர விதியில் இடமில்லை. சேவைத் தரத்துக்கான விதிகளில் தாமதத்துக்கென்று குறித்திருக்கும் சிறு தொகையைக் கேட்கலாம். அதுவும் புயல், பெருமழை போன்ற இயற்கைச் சீற்றத்தில் கிடையாது. பில்லைத் திருத்து, கூடுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கொடு, மீட்டரைச் சோதி என்று தெளிவான இரண்டு மூன்று கோரிக்கை வைத்தால் அவற்றுக்கு நேரடியாகப் பதில் வரும்.

சென்னைக்கு அலைய வேண்டுமே என்று பயந்து பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். விசாரணை காணொலியிலும் நடக்கிறது. பாட்டியின் பேரன் கையில் ஒரு போன் இருந்தால் போதும், எந்த ஊர் வீட்டில் உட்கார்ந்தும் பேசலாம். மூடுபனி நாளில் சிக்னல் எங்கே நிற்கிறது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் உதவி மின்பொறியாளரும் செயற்பொறியாளரும் இருப்பார்கள். கோபத்தில் கத்தினால் சொல்ல வந்தது விட்டுப்போகும். தேதிகளை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஆணை உங்கள் பக்கம் வந்தால், எத்தனை நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். ஒரு நகலைப் பிரிவு அலுவலகத்தில் நீங்களே கொடுத்து, மறக்காமல் சீல் வாங்கி வையுங்கள். அந்த நாள் கடந்தும் எதுவும் நடக்கவில்லை என்றால், மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுத அந்தச் சீல் தேவைப்படும்.