தனியாக எழுத முடியவில்லையா? எதிரில் ஒருவரை உட்கார வையுங்கள்

வீட்டில் எழுத உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவோம், அப்படியே துணி காய்ந்ததா என்று மாடிக்குப் போவோம், இறங்கி வரும்போது கையில் போன் இருக்கும். எதிரில் ஒருவர் தலையைக் குனிந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தால், அதே நாம் ஒரு மணி நேரம் அசையாமல் எழுதுவோம். மூன்று வருடமாக இப்படித்தான் எழுதுகிறேன்.

அந்த ஆள் எழுத்தாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. என் அனுபவத்தில் மிகச் சிறந்த துணை, டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தம்பி. அவன் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டால் போதும், என் பேனா நிற்காது. இரண்டு மூன்று பேர் சரி, ஐந்தைத் தாண்டினால் அரட்டைதான்.

உட்காருவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றவர்களோடு ஓட்டும்போது சைக்கிள் பந்தயக்காரர்கள் வேகமாகப் போகிறார்கள் என்று 1898இல் நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். 1965இல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் அதைத் தெளிவாக்கினார்: பக்கத்தில் ஆள் இருந்தால் பழகிய வேலை நன்றாக ஓடும், புதிதான, சிக்கலான வேலை தடுமாறும். அதனால் கதையின் முடிச்சை எங்கே அவிழ்ப்பது, கட்டுரையை எங்கிருந்து தொடங்குவது என்பதையெல்லாம் முந்தைய இரவே தனியாக யோசித்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடுங்கள். கூட்டாக உட்காரும் நேரம் எழுதித் தள்ளுவதற்கு மட்டும்.

தொடங்கும்போது ஆளுக்கு ஒரு வரி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "கதை எழுதப் போறேன்" என்றால் பிடிமானமே இல்லை. "பாட்டி பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிற இடம், முந்நூறு வார்த்தை" என்று சொன்னால், சொன்ன வாய்க்காகவாவது கை ஓடும். அப்புறம் எல்லோருடைய போனும் மேசை நடுவில், கவிழ்த்து.

டைமர் வையுங்கள். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்கிற பொமொடோரோ முறை பலருக்குத் தெரியும். கடிதம், அறிக்கைக்கு அது போதும். கதைக்கு எனக்கு அது போதவே இல்லை, மனசு உள்ளே போய்ச் சேரும்போது மணி அடித்துவிடுகிறது, அதனால் நாங்கள் 50 நிமிடம் எழுதிவிட்டுப் பத்து நிமிடம் டீ குடிக்கிறோம். டீ நேரத்தில் எதை வேண்டுமானாலும் பேசுங்கள், அன்று எழுதியதை மட்டும் படித்துக் காட்டாதீர்கள். நான் முதலில் இருந்த குழு அதில்தான் உடைந்தது: ஒருவர் ஈரம் காயாத பக்கத்தை வாசித்தார், இன்னொருவர் குறை சொன்னார், அடுத்த வாரம் இரண்டு பேருமே வரவில்லை. விமர்சனத்துக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்துக்கு நூலகத்தை விட்டால் வேறில்லை. சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, சொந்தப் புத்தகம் கொண்டுபோய் உட்காரத் தனிப் பிரிவே உண்டு. ஊரில் ஆள் கிடைக்கவில்லையென்றால் வீடியோ காலில் உட்காருங்கள். மைக் அணைந்திருக்கட்டும், கேமரா அணையக் கூடாது, முகம் காட்டக் கூச்சமாக இருந்தால் எழுதும் கையைக் காட்டினால் போதும். டொரண்டோவில் இருக்கும் தோழியோடு உட்காருகிறேன், கோடையில் எனக்குக் காலை ஆறு மணி என்றால் அவளுக்கு முந்தைய இரவு எட்டரை. நவம்பரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள், அந்த வாரம் மறக்காமல் நேரத்தைப் பேசிக்கொள்ளுங்கள்.

முடிக்கும்போது சொன்னதில் எவ்வளவு வந்தது என்று ஆளுக்கு ஒரு வரி. முந்நூறுக்கு எண்பதுதான் வந்தது என்றாலும் எண்பது என்றே சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். எழுந்திருக்கும்முன் அடுத்த முறைக்கான நாளையும் மணியையும் அங்கேயே குறித்துவிடுங்கள். "அப்புறம் மெசேஜ் பண்றேன்" என்று கலைந்த எங்கள் வாரங்கள் எல்லாமே அப்படியே போயின.