உளவியல் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டில் செய்யக்கூடாதவை

மயிலாப்பூர், மேற்கு மாம்பலம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொற்பொழிவு புதிதல்ல. மாலை ஆறரை மணிக்கு ஏதாவது ஒரு சிறிய அரங்கில் ராமாயணமோ வருமான வரியோ முழங்கால் வலியோ நடந்துகொண்டிருக்கும். சில ஆண்டுகளாக அந்த வரிசையில் உளவியலும் வந்து உட்கார்ந்துவிட்டது. கோபத்தை அடக்குவது, பிள்ளைகளின் மனம், மாமியார் மருமகள் உறவு என்று தலைப்புக்குப் பஞ்சமில்லை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவற்றில் எதையும் நான் விடுவதில்லை. கேட்டதில் பாதி எனக்குப் பயன்பட்டது. மீதியை நான் பயன்படுத்திய விதம்தான் கோளாறு. அதுவும் பெரும்பாலும் அடுத்தவர் மேல்.

ஒரு கூட்டத்தில் மார்ஷ்மெல்லோ (மெத்தென்ற ஒரு வகை மிட்டாய்) சோதனையைப் பற்றிச் சொன்னார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் 1960களின் பிற்பகுதியில் தொடங்கியது அது. குழந்தையின் முன்னால் ஒரு தின்பண்டம் வைப்பார்கள். உடனே தின்றால் அந்த ஒன்றுதான். பெரியவர் திரும்பி வரும்வரை பொறுத்தால் இரண்டு கிடைக்கும். பொறுத்த குழந்தைகள் வளர்ந்த பின் தேர்வுகளில் கூடுதல் மதிப்பெண் எடுத்ததாகப் பின்னாளில் எழுதினார்கள். அரங்கமே கிறங்கிப்போனது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் ஐந்து வயதுப் பேரன் முன்னால் ஒரு கடலை உருண்டையை வைத்து, பதினைந்து நிமிடம் பொறுத்தால் இன்னொன்று என்றேன். நான் கதவைச் சாத்துவதற்குள் கடித்துவிட்டான். இவனுக்குப் பொறுமை கிடையாது, இப்போதே கவனிக்க வேண்டும் என்று வீட்டில் அறிவித்தேன்.

மருமகள் அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "மாமா, போன மாதம் கிண்டி சிறுவர் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றீர்களே, போனீர்களா? சைக்கிளுக்கு மணி வாங்கித் தருகிறேன் என்றீர்களே, அது எங்கே? இரண்டாவது உருண்டை வரும் என்று அவன் எதை வைத்து நம்புவான்?"

அவள் உளவியல் படித்தவள் அல்ல. ஆனால் அவள் கேட்ட அதே கேள்வியை ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் சோதித்து 2013இல் வெளியிட்டிருக்கிறார்கள். மொத்தம் 28 குழந்தைகள். முதலில் படம் வரைய நல்ல வண்ணங்கள் கொண்டுவருவதாக எல்லோரிடமும் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேரிடம் வெறுங்கையோடு திரும்பி வந்து, இல்லையே என்று கைவிரித்தார்கள். அதன் பிறகுதான் தின்பண்டம். வாக்கைக் காப்பாற்றிய பெரியவரைப் பார்த்த 14 குழந்தைகளில் 9 பேர் முழுப் பதினைந்து நிமிடமும் காத்திருந்தார்கள். ஏமாந்த 14 பேரில் காத்திருந்தது ஒரே ஒரு குழந்தை. 2018இல் வேறொரு குழு சுமார் 900 குழந்தைகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தது. பொறுமைக்கும் பிற்கால மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு பழைய ஆய்வில் கண்டதில் பாதிதான் தேறியது. குடும்பப் பின்னணி போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அதிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது.

ஆக, பேரனைச் சோதிப்பதாக நினைத்து என்னைத்தான் சோதித்திருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் பல பேரை வைத்துப் போட்ட சராசரியைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்குத் தீர்ப்பாக வாசிப்பதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் கிடையாது. வங்கியில் இருந்தபோது, இந்த வகைக் கடனில் இத்தனை சதவீதம் வராமல் போகும் என்ற கணக்கு எங்களிடம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு எதிரே நிற்பவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். அந்த விவேகம் சொந்தப் பேரனிடம் ஏனோ வரவில்லை.

இதற்கு அடுத்தது பெயர் சூட்டும் வியாதி. கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும்போதே காதில் விழும்: "அவர் சொன்னது அப்படியே எங்கள் பெரிய நாத்தனார்தான்." நார்சிஸ்ட் (தன்னையே மெச்சிக்கொள்பவர்), ஓ.சி.டி. (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் துரத்தும் மனநோய்), டாக்சிக் (கூட இருப்பவர் மனதைக் கெடுப்பவர்) என்று வந்த சொற்களெல்லாம் அன்றிரவே உறவினர் தலையில் ஏறிவிடும். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு முறை பார்க்கும் அத்தைக்கு ஓ.சி.டி. இல்லை. வேண்டாத எண்ணமும் திரும்பத் திரும்பச் செய்யும் செயலும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றாலோ, அன்றாட வாழ்க்கையையே முடக்கினாலோதான் மருத்துவர்கள் அந்தப் பெயரைப் பற்றி யோசிக்கவே தொடங்குவார்கள்.

விவரணை அப்படியே பொருந்துகிறதே என்பீர்கள். எதுதான் பொருந்தாது? 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியதுபோல் ஒரு குறிப்பைக் கொடுத்து, எவ்வளவு சரி என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. கொடுத்ததோ எல்லோருக்கும் ஒரே குறிப்பு. வரிகளைக் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். காலையில் ராசிபலன் பார்த்துவிட்டுச் சிரிக்கிற நாம், மாலையில் அதையே மேடையில் கேட்டால் குறிப்பெடுக்கிறோம்.

எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்வதும் உண்டு. இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்பது மேடைக்கு மேடை ஒலிக்கிறது. இது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அவர் சொன்னதும் பழக்கத்தைப் பற்றி அல்ல. முகச் சிகிச்சைக்குப் பின் புது முகம் மனதுக்குப் பழகக் குறைந்தது ஏறக்குறைய இருபத்தொரு நாளாவது ஆகிறது என்பதுதான். 'குறைந்தது' என்பது வழியில் எங்கோ விழுந்துவிட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து எழுதிய ஆய்வின்படி ஒரு செயல் தன்னிச்சையாக வரச் சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள். நடுவில் நின்ற எண் 66. அதே ஆய்வில் இன்னொன்று உண்டு, மேடையில் யாரும் சொல்லாதது: நடுவே ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நட்டமில்லை. ஐப்பசி மழையில் நடேசன் பூங்கா நடை நாலு நாள் நின்றதும், எண்ணிக்கை உடைந்துவிட்டது என்று நான் ஷூவைப் பரணில் போட்டது அநியாயம்.

பேச்சில் சொற்களுக்கு ஏழே சதவீதம்தான் மதிப்பு, உடல்மொழிக்கு ஐம்பத்தைந்து என்பதும் இந்த ரகம். மளிகைக் கடைக்குப் போனில் பட்டியல் சொல்லிப் பாருங்கள், அரை கிலோ துவரம்பருப்பு சரியாக வந்து சேர்கிறதா இல்லையா? இந்தக் கணக்கின் மூலவரான ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் சோதித்தது, ஒற்றைச் சொல்லும் குரலும் முகபாவமும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் விருப்பு வெறுப்பை எதிலிருந்து ஊகிக்கிறோம் என்பதை மட்டுமே.

கொஞ்சம் தகராறான விஷயம் ஒன்று. இல்லை என்று சொல்லப் பழகுங்கள், உறவுகளுக்கு எல்லை வகுத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை. தேவையான அறிவுரைதான், அடியும் அவமானமும் நடக்கும் வீட்டில் அது உயிர் காக்கும். ஆனால் தூரத்து உறவில் ஒரு பையன் அதைக் கேட்டுவிட்டுச் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு 'என் மன அமைதியைக் கருதி வர இயலாது' என்று வாட்ஸ்ஆப்பில் செய்தி அனுப்பினான். காய்ச்சல் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் மறந்துவிட்டிருப்பார்கள். இரண்டு ஆண்டுகளாக இன்னும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2010இல் ஜோசஃப் ஹென்ரிக் முதலானோர் எழுதிய கட்டுரை ஒரு கணக்கைக் காட்டியது: முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள மேலை நாடுகளைச் சேர்ந்தவர்கள். பதினெட்டு வயதில் தனிக்குடித்தனம் போகும் ஊரில் எடுத்த அளவை, இரண்டு படுக்கையறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு அப்படியே தைத்தால் எங்காவது இடிக்கத்தான் செய்யும்.

சிரிக்க முடியாத தவறு ஒன்றும் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் ஒருவர் வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பாட்டில் பிடிப்பில்லாமல் இருந்தார். நாங்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடு அவருக்கு ஆளுக்கொரு சொற்பொழிவு அனுப்பினோம். தினமும் மூன்று நல்ல விஷயங்களை எழுதுங்கள், நல்லதையே நினையுங்கள் என்றோம். அது அவருக்கு இன்னொரு பாரமாகத்தான் போயிற்று. எழுத மூன்று கிடைக்கவில்லை என்று பின்னால் சொன்னார். இப்படி இரண்டு வாரம் நீடித்தால் பேச்சைத் தேட வேண்டாம், மருத்துவரைத் தேடுங்கள். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்காக 1986 முதல் சினேகா என்ற தன்னார்வ அமைப்பு சென்னையில் இயங்குகிறது. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவரிடம் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைக் கேட்கத் தயங்காதீர்கள்.

கேள்வி நேரத்தை வீணாக்குவது கடைசித் தவறு. நம் ஊரில் கேள்வி கேட்க எழுபவர் முதலில் தன் சுயசரிதையைச் சொல்வார், பிறகு பேச்சாளரைப் பாராட்டுவார், அதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கடலை உருண்டைக்குப் பிறகு மூன்றே கேள்விகள் வைத்திருக்கிறேன்: எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள், அவர்கள் யார், வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா? மூன்றாவது முக்கியம். 2015இல் உளவியல் ஆய்வுகள் நூற்றை மறுபடி செய்து பார்த்தபோது 36 சதவீதத்தில்தான் புள்ளியியல் கணக்கில் தேறும் விளைவு திரும்ப வந்தது.

போன தை மாதம் ஓர் இளம் பேச்சாளரிடம் இதைக் கேட்டேன். அரங்கம் என்னை முறைத்தது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கையில் விவரம் இல்லை ஐயா, அடுத்த வாரம் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்றார். அடுத்த வாரம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, தான் சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவர் எங்கே பேசினாலும் இப்போது முதல் வரிசையில் இடம் பிடித்துவிடுகிறேன்.